ஆறு பத்துக்கு ஒரு கேள்வி

பூட்டுக்காரருக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் தவிக்கிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார். உள்ளே பூட்டின் நாக்கு விலகுகிற சத்தம் கேட்டதும் கைப்பிடியை ஒரு விரற்கடை தள்ளிவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். வீட்டுக்காரர் உள்ளே போய் வாங்க, உட்காருங்க என்று எத்தனை தரம் அழைத்தாலும் தலை அந்தப் பக்கம் போகாது. ஒரு தலைமை ஆசிரியையின் மேஜை இழுப்பறையை அவர் கண்ணை மூடிக்கொண்டு திறந்தார் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். அது மிகை. கண் திறந்துதான் இருந்தது, பார்வைதான் ஜன்னலில் இருந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. மாட்டுகிற ஒவ்வொரு பூட்டின் உள்தகட்டிலும் அன்றைய தேதியை ஊசியால் கீறிவைப்பார். பிற்பாடு பழுது என்று கூப்பிட்டால் பூட்டின் வயது தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. தகடு உள்ளே போய்விட்டால் அந்தத் தேதியை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

அவர் மனைவிக்கு நேர்மாறான வேலை. ஒரு சலவை நிலையத்தில் துணி வாங்கி வைக்கிறவள். வருகிற சட்டை, கால்சட்டை எல்லாவற்றின் பைக்குள்ளும் கைவிட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் துணியை உள்ளே அனுப்புவாள். பார்க்காமல் அனுப்பினால் ஒரு பேனா போதும், நாற்பது சட்டை பாழ். கிடைத்ததை ஒரு உறையில் போட்டு, நம்பர் எழுதி, மடித்த துணியின் மேல் வைப்பாள். மருந்துச் சீட்டு, மோதிரம், ஒரு தடவை யாருடைய கடைவாய்ப் பல்லோ. வாங்க வருகிறவரிடம் எதுவும் சொல்ல மாட்டாள். கண்ணில் படும்படி வைப்பதோடு சரி.

வீட்டிலும் அதே கதைதான். செருப்பு அறுந்தால் புதுச் செருப்பு வேண்டும் என்று வாய் திறக்க மாட்டாள். அறுந்ததை அவர் காலில் இடறும் இடத்தில் வைப்பாள். கால்விரல் எலும்பு முறிந்த அன்றுகூட, வீங்கின காலை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, யாராவது கேட்கட்டும் என்று ஒரு மணி நேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிடிவாதம் என்று சொல்லலாம். கேட்டால்தான் சொல்வேன் என்கிற ஜாதி மனிதர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவளும் அதில் ஒருத்தி.

அவள் இறந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். பூட்டுக்காரருக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. ஐந்தாம் நாளே கடையைத் திறந்துவிட்டார். சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிடுகிறது, பித்தளைத் தூள் பறக்கிறது, வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி நாலு வார்த்தை சொல்கிறார்கள், இவரும் தலையாட்டுகிறார். பசிக்கிற நேரத்தில் பசிக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவன் வந்தான். கல்யாணம் ஆகாதவன், வேலைக்கு வசதி என்று தனி வீடு எடுத்து இருக்கிறான். சின்னவள் அப்பாவோடுதான் இருக்கிறாள். ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் டிக்கெட் போடுகிற வேலை. வீட்டுக் கம்ப்யூட்டர் அக்கவுண்டை இன்றைக்கு மூடிவிடுவது என்று அண்ணனும் தங்கையும் பேசி வைத்திருந்தார்கள். அதற்காகத்தான் அவன் வந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் கூடத்தில், ஃபிரிட்ஜுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் நாலு பேருக்கும் ஒரே அக்கவுண்ட், ஒரே பாஸ்வேர்ட். கடையில் அதிகமாக விற்கிற பூட்டின் மாடல் நம்பர்தான் பாஸ்வேர்ட். பெரியவன் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில் தலையில் அடித்துக்கொண்டான். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற வீட்டில் நாலு பேருக்கும் ஒரே சாவியா என்று கேட்டான். கடினமான பாஸ்வேர்ட் ஒன்றைப் போட்டும் கொடுத்தான். அம்மா அதை மறக்காமல் ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் தலையிலேயே ஒட்டிவிட்டாள். அதோடு அவன் பழைய நம்பரையே திரும்பப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். பிறகு நாலு பேரின் கைப்பேசியிலும் அதே அக்கவுண்ட் ஏறி, ஒருவர் தேடியது மற்ற மூன்று பேருக்கும் தெரிகிற நிலைமை வந்துசேர்ந்தது.

பெரியவனுக்கு எதிலும் சந்தேகம். கேமரா மேல் கறுப்பு டேப் ஒட்டினான். நம்மைப் பற்றின விவரம் நம் பல் துலக்கும் பிரஷ் மாதிரி, அடுத்தவனுக்குக் கொடுக்கக் கூடாது என்பான். சின்னவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. நாம் எத்தனை மணிக்குத் தூங்குகிறோம் என்று தெரிந்து எவனுக்கு என்ன ஆகப்போகிறது என்பாள். அவள் அலுவலகத்தில், கேட்டால் பதில் பேசுகிற ஸ்பீக்கர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அண்ணன் வந்தால் பிளக்கைப் பிடுங்குவான். போனதும் தங்கை செருகுவாள். அம்மா ஒரு நாள் ஸ்பீக்கரின் மேல் துண்டைப் போட்டு மூடினாள். இனிமேல் அதுக்கும் காது கேக்காது, எனக்கும் உங்க சத்தம் கேக்க வேண்டாம் என்றாள்.

அம்மாவுக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஒரு தடவை தரை துடைக்கிற மாப் என்ன விலை என்று தேடினாள். மூன்று மாதம் நாலு கைப்பேசியிலும் மாப் விளம்பரம். "வாயால சொன்னா இந்த வீட்ல ஒருத்தர் காதுல விழாது. அதுல தட்டிவிட்டா நாலு பேருக்கும் போயிடுது," என்று சிரித்தாள். சிரிக்கத்தான் சிரித்தாள், ஆனால் மனதில் வைத்துக்கொண்டாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சண்டை. சின்னவள் வெளியூர் வேலை ஒன்றைப் பற்றி யாருக்கும் தெரியாமல் தேடிக்கொண்டிருந்தாள். அது பெரியவன் கண்ணில் பட்டு, சாப்பிடுகிற இடத்தில் போட்டு உடைத்துவிட்டான். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவள் பதினைந்து நாள் யாரோடும் பேசவில்லை. வேலைக்கும் மனுப் போடவில்லை. அப்போதுதான் பூட்டுக்காரர் தன் தொழில் தர்மத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். அடுத்தவர் தேடியது கண்ணில் பட்டால் திரும்பிக்கொள்ள வேண்டும்; பார்க்கவில்லை, தெரியாது, கேட்கக் கூடாது. நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள். நல்ல சட்டம்தான். அதற்குப் பிறகு வீட்டில் கம்ப்யூட்டரால் ஒரு சண்டைகூட வரவில்லை.

பெரியவன் அம்மாவுக்கு ஒரு வித்தையும் சொல்லிக்கொடுத்தான். கறுப்பு நிறத்தில் ஒரு தனி ஜன்னல் திறக்கும். அதில் எதைத் தேடினாலும் சுவடு இருக்காது. அம்மாவுக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. பூட்டுக்காரரின் பிறந்தநாளுக்கு டார்ச் லைட் வாங்கினபோது அதில்தான் தேடினாள், பெட்டி வீட்டுக்கு வரும்வரை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. அதிலிருந்து உறவுக்காரர்களுக்கு வாங்குகிற பரிசானாலும், தெரியாத சொல்லுக்கு அர்த்தமானாலும் கறுப்பு ஜன்னலைத் திறந்துதான் தேடுவாள்.

இப்போது பெரியவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். படங்களையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கியாயிற்று. இனி முழுவதையும் அழித்துவிடலாம். அழிப்பதற்கு முன்னால் இதுவரை தேடியதன் பட்டியலைப் பார்க்க வேண்டுமா என்று திரை கேட்டது. பார்க்க வேண்டாம் என்றான் அவன். அம்மா தேடினது அம்மாவோட விஷயம், பார்க்காமல் அழிப்பதுதான் மரியாதை, அப்பா போட்ட சட்டமும் அதுதானே என்றான். சின்னவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

பட்டியல் என்ற சொல் பூட்டுக்காரரை உறுத்தியது. இருபத்து மூன்று நாளில் அவரை ஏதாவது உறுத்தியது என்றால் அதுதான்.

போன வருடம் குளிர் விலகுகிற சமயம். கடையிலிருந்து ஆறரைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் அனுப்பிய பூட்டுப் படங்களைப் பார்க்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது அவர் வழக்கம். தேடும் கட்டத்தைத் தொட்டால் கடைசியாகத் தேடியவை கீழே வரிசையாக இறங்கும். ஒரு நாள் அதில் முதல் வரியாக இருந்தது: ‘சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சில் தடைபடுவது எதனால்.’ அவர் கண்ணை விலக்கிக்கொண்டார். மறுநாளும் அதே வரி, அதே முதல் இடம். அதற்கடுத்த நாளும். பெரியவன் திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிப்பது அவருக்குத் தெரியும். அவன்தான் பயந்துபோய்த் தேடுகிறான் என்று நினைத்தார். அவன் வேறு வீட்டில் இருந்தால் என்ன, அக்கவுண்ட் ஒன்றுதானே.

எத்தனை நாள் அப்படித் திரும்பிக்கொண்டார் என்று எண்ணவில்லை. ஒரு சாயங்காலம், வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது, மனம் பொறுக்காமல் மனைவியிடம் மட்டும் சொன்னார். பெரியவன்கிட்ட சிகரெட்டை விடச் சொல்லு என்று. அவள் ஏதோ பதில் சொன்னாள், இவர் ஏதோ சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

அவள் ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். பல்வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவளும் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டரை மாதம் கழித்துச் சலவை நிலையத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, கொஞ்ச நாளா என்றாள். டாக்டர் அவரை வெளியே அழைத்து, ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா பேச்சே வேற என்றார். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். அந்த ஏழு மாதத்தில் பூட்டுக்காரர் அவளிடம் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அது நீ தேடினதா என்று.

கேட்கவில்லையே தவிர, அவளுடையதுதான் என்று உள்ளுக்குள் தெரியாமல் இல்லை. தெரியாதது ஒன்றே ஒன்றுதான். பயத்தில் தேடினாளா, அவர் பார்க்கட்டும் என்று வைத்தாளா? பயத்தில் தேடினாள் என்றால் அவர் பிழைத்தார். யாருக்கும் சொல்லாமல் மறைத்தவளை அவர் என்ன செய்ய முடியும். பட்டியலில் அது தெரிந்துவிடும். அழித்துவிட்டால், சாகும்வரை பிழைத்துக்கொண்டே இருக்கலாம். பெரியவனின் விரல் மவுஸின் மேல் இருந்தது.

"இரு," என்றார். "பட்டியலத் திற."

பெரியவன் நாற்காலியோடு திரும்பினான். "அப்பா, நீங்க சொன்னதுதானே, பாக்கக் கூடாதுன்னு."

"நான் பாத்தேன். அப்பவே பாத்தேன். விழுங்க முடியலன்னு ஒண்ணு வந்துட்டே இருந்துச்சு. உன்னோடதுன்னு நெனச்சேன்."

ஃபிரிட்ஜ் ஒரு தரம் உறுமிவிட்டு அடங்கியது. பிறகு சின்னவள், சுவரை விட்டு அசையாமல், நானும் பார்த்தேன் என்றாள். அவளும் அண்ணன் என்றுதான் நினைத்திருந்தாள். அதனால்தான் அவனுக்குச் சிகரெட்டை விடுவது எப்படி என்று ஒரு கட்டுரை அனுப்பினாளாம், தற்செயலாக அனுப்பினமாதிரி, ஒரு பூனைப் படத்தோடு சேர்த்து. பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கைப்பேசியிலும் அது வந்திருக்கிறது. அப்பா என்று நினைத்திருக்கிறான். பித்தளைத் தூள் உள்ளே போய்ப் போய்த் தொண்டை கெட்டுவிட்டது என்று. அந்த மாதம்தான் கடைக்கு ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கிக் கொடுத்தான், காரணம் சொல்லாமல். அந்தப் பெட்டி இன்னும் பிரிக்காமல் கடையில் கிடக்கிறது.

ஆக, மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் நாகரிகமானவர்கள். ஒருவர் கட்டுரை அனுப்பினார், ஒருவர் முகக்கவசம் வாங்கினார், ஒருவர் சிபாரிசு பிடித்தார். யாருக்கு விழுங்க முடியவில்லை என்று கேட்க அந்த வீட்டில் ஒரு வாய் இல்லை.

பெரியவன் பட்டியலைத் திறந்தான். போன வருடத்துக்குப் போனான். தேதி வாரியாக, மணி வாரியாக எல்லாம் இருந்தது. பூட்டுக்காரர் தேடின பூட்டுகள், சின்னவள் தேடின நாடகங்கள், பெரியவன் எதையும் இதில் தேடுவதில்லை. அவற்றுக்கு நடுவில், பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஆறு பத்துக்கு அந்த வரி. இருபத்திரண்டாம் தேதி ஆறு பத்து. இருபத்து மூன்று, ஆறு பத்து. சொல்லில் ஒரு எழுத்து மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடவில்லை. அவள் வேலையிலிருந்து ஆறு மணிக்கு வருவாள், அவர் ஆறரைக்கு.

"ஒரே கேள்விய எதுக்கு தினமும் கேக்கணும்," என்றான் பெரியவன். "ஒரு தடவ கேட்டாலே பதில் வந்துடுமே."

அவன் கேட்டது கம்ப்யூட்டர்காரனின் கேள்வி. கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது, கையை மவுஸிலிருந்து எடுத்துக்கொண்டான். சின்னவள்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

"அம்மா கறுப்பு ஜன்னல்லதான எல்லாம் தேடுவாங்க. இது ஒண்ண மட்டும் அதுல தேடல."

கறுப்பு ஜன்னலுக்குப் பிறகான பட்டியல் முழுவதிலும் அம்மாவின் தேடல் என்று வேறு ஒரு வரி இல்லை. மற்றதெல்லாம் சுவடில்லாமல் தேடத் தெரிந்தவள், இதை மட்டும் நாலு பேர் கண்ணில் படும் இடத்தில், அவர் வந்து உட்காருவதற்கு இருபது நிமிடம் முன்னால், முதல் வரியாக இருக்கும்படி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அறுந்த செருப்பை வைப்பதுபோல.

பெரியவன் கீழே கீழே இறக்கிக்கொண்டே போனான். மார்ச் ஒன்பது, ஆறு பத்து. மார்ச் பத்து. மார்ச் பதினொன்று. பன்னிரண்டாம் தேதி இல்லை. பதின்மூன்று இல்லை. அதற்குப் பிறகு எங்குமே இல்லை. சின்னவள் விரல்விட்டு எண்ணினாள். பத்தொன்பது நாள்.

"பதினொண்ணாந் தேதியோட ஏன் நின்னுச்சு?" என்று கேட்டாள். யாரிடமும் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டாள்.

பூட்டுக்காரர் எழுந்தார். செருப்பு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவைத் திறந்து, பூட்டின் முதல் திருகாணியைக் கழற்றினார். இரண்டாவது கொஞ்சம் இறுகியிருந்தது. பிள்ளைகள் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள், என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை. பழக்கம் அப்படி. நாலு திருகாணியும் கைக்கு வந்ததும் தகட்டை இழுத்து எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அவருடைய கையெழுத்துத்தான். ஊசிக் கீறலில் 11-3 என்று இருந்தது, பக்கத்தில் வருடம்.

தகட்டைச் சின்னவளிடம் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டு அண்ணனிடம் கொடுத்தாள்.

"இந்தப் பூட்ட மாட்டறப்பத்தான் உங்கம்மாகிட்ட சொன்னேன்," என்றார். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. வாடிக்கையாளரிடம் சாவியின் நீளம் சொல்கிற குரல். "பெரியவன்கிட்ட சிகரெட்ட விடச் சொல்லுன்னு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"டார்ச் புடிச்சிட்டிருந்தா. அது அவன் கேட்டது இல்லீங்கன்னு சொன்னா."

சின்னவள் காத்திருந்தாள். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கேட்டாள். இந்த வீட்டில் அப்படி ஒருவர் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

தகடு கழன்ற இடத்தில் கதவில் ஓட்டை தெரிந்தது. பூட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"யாரு கேட்டதா இருந்தா என்ன, நான் எதையும் பாக்கலன்னு சொல்லிட்டேன். லைட்ட இன்னும் கொஞ்சம் கிட்டப் புடின்னேன். புடிச்சா."